ஏழு நாங்கள்

புதன்கிழமை சாயங்காலம் வந்த உறையை உருளைக்காரி ஈரக் கையோடுதான் பிரித்தாள். அவள் கை எப்போதுமே ஈரக் கைதான். பன்னிரண்டு வருஷமாக ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு தேய்க்கிற உருளையின் நீராவிக்குள் நிற்பவளுக்கு விரல் நுனிச் சுருக்கம் ஞாயிற்றுக்கிழமைகூட நீங்குவதில்லை. உறை மகள் பெயருக்கு வந்திருந்தது. அடுத்தவர் தபாலைப் பிரிக்கக் கூடாது என்கிற நாகரிகமெல்லாம் அந்த வீட்டில் கிடையாது. தபால் வருவதே அபூர்வம். யார் கையில் முதலில் கிடைக்கிறதோ அவர் பிரிப்பார்.

உள்ளே இருந்தது மகள் கையால் நிரப்பிய ஒரு விண்ணப்பம், கூடவே நிரப்பாத புதுப் படிவம் ஒன்று. நில அளவைப் படிப்பில் சேர்வதற்கானது. மகள் இப்படி ஒன்று அனுப்பியதே வீட்டில் யாருக்கும் தெரியாது. கடைசிப் பக்கத்தில், 'இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தது ஏன்? சொந்த வார்த்தைகளில் எழுதுக' என்ற கேள்விக்குக் கீழே பத்து வரி எழுதியிருந்தாள். அந்தப் பத்து வரிக்குள் ஏழு இடத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. ஏழு வட்டத்துக்குள்ளும் இருந்தது ஒரே சொல். நாங்கள்.

ஓரத்தில் அதே சிவப்பில் குறிப்பு: 'யார் நாங்கள்? ஒருவருக்கு ஒரு விண்ணப்பம். திருத்தி எழுதி வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் நேரில் தரவும். பெற்றோரில் ஒருவர் உடன் வந்து அலுவலர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும்.'

அவள் வீட்டுக்காரர் குழாய் வேலை பார்ப்பவர். மூன்று வாரத்துக்கு முன்னால் யார் வீட்டு மாடியிலோ தண்ணீர்த் தொட்டியை ஒற்றை ஆளாக நகர்த்தப்போய் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், இன்னும் தரையில் விரித்த பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. இன்னும் ஒரு மாசத்துக்குப் பேருந்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். படுத்தபடியே காகிதத்தை வாங்கிச் சத்தமாகப் படித்தார்.

"'நாங்கள் சிறு வயது முதலே அளப்பதில் ஆர்வம் உள்ளவர்கள். நாங்கள் இதில் சேர்ந்தால் நன்றாகப் படிப்போம்.' யாரு இவங்கல்லாம்? பட்டாளமா?" என்றார். சிரித்தார். சிரித்தால் முதுகு வலிக்கும் என்பது ஞாபகம் வந்து பாதியில் நிறுத்திக்கொண்டார்.

உருளைக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை என்ற சொல்லிலேயே அவள் கண் நின்றுவிட்டது. இவர் எழுந்து வர முடியாது என்றால் கையெழுத்துப் போடப் போக வேண்டியது அவள்தான். வருஷத்தில் எந்த வெள்ளிக்கிழமையும் அவள் லீவு எடுத்தது கிடையாது.

*

மகளை வீட்டிலும் தெருவிலும் சாண் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐந்து வயதில் கையை விரித்து வைத்துக் கண்ணில் பட்டதையெல்லாம் அளந்தவள். கதவு பதினாறு சாண், தூங்குகிற அப்பா பதின்மூன்று சாண், அம்மா பன்னிரண்டரை. அப்பாவும் அம்மாவும் கிட்டத்தட்ட ஒரே உயரம் என்ற உண்மை அந்த வீட்டில் அப்படித்தான் வெளிப்பட்டது, அது வரைக்கும் அவர் தன்னை நெட்டை என்று நம்பிக்கொண்டிருந்தார்.

இப்போது பதினெட்டு வயது. பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழிகள் மூன்று பேர். வாயை மூடாதவள் ரேடியோ, மற்ற இருவரும் கண்ணாடியும் ஒல்லியும். இவளோடு சேர்த்து நாலு பேர் செட்டு. ஒருத்திக்கு இரட்டைச் சடை என்றால் நாலு பேருக்கும் இரட்டைச் சடை. ஒருத்திக்குக் கணக்கு டீச்சரைப் பிடிக்காமல் போனால், கணக்கில் எப்போதும் நல்ல மார்க் வாங்குகிற சாணுக்கும் அந்த டீச்சரைப் பிடிக்காது. கொஞ்ச நாளில் மார்க்கும் மற்ற மூன்று பேர் பக்கமாக இறங்கி வந்துவிட்டது.

எப்போதிருந்து என்று தெரியவில்லை, அவள் பேச்சிலிருந்து நான் என்பது காணாமல் போயிருந்தது. சாப்பிட்டாயா என்றால், நாங்க சாப்பிட்டோம். எங்கே போனாய் என்றால், நாங்க சும்மா கடைப்பக்கம் போனோம். ஒரு தடவை உடம்பு நெருப்பாகக் கொதிக்கப் படுத்திருந்தவளிடம் அப்பா என்ன செய்கிறது என்று கேட்டதற்கு, "எங்களுக்குத் தலை வலிக்குது" என்றாள். அவர் அதை ஆறு மாசம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நாங்க என்றால் கேட்கிறவர் அதில் இல்லை. நாம என்றால் கேட்கிறவரும் உண்டு. எல்லாருக்கும் தெரிந்ததுதான், யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. ஆனால் சொந்த வீட்டில், சொந்த மகள், சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு நாங்க நாங்க என்று பேசும்போது அம்மாக்காரிக்கு உள்ளே ஏதோ சுருங்கும். சுருங்கினாலும் அதற்கு மேல் நினைக்க அவளுக்குத் தெம்பு இருக்காது. காலையில் ஆறரைக்குக் கிளம்பி, எட்டு மணி நேரம் நின்று, வந்து உலையை வைக்கிறவளுக்கு இலக்கண ஆராய்ச்சிக்கு ஏது நேரம்?

ஊர் எல்லையில் செல்போன் பாகங்களைப் பொருத்துகிற கம்பெனி ஒன்று வந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஆள் எடுக்கிறார்கள். அங்கே ஒரு மேசைக்கு நாலு பேர். நாலு பேராகச் சேர்ந்து வந்தால் ஒரே மேசை, ஒரே ஷிஃப்ட். குறைந்தால் எங்கெங்கே இடம் காலியோ அங்கங்கே பிரித்துப் போட்டுவிடுவார்கள். ரேடியோ இந்தச் செய்தியைக் கொண்டுவந்த அன்றே செட்டு முடிவு செய்துவிட்டது. நாலு பேரும் நீல உடை போட்டுக்கொண்டு போக வேண்டும் என்பது வரைக்கும் பேசியாகிவிட்டது.

*

அன்றைக்குச் சாண் வீட்டுக்குள் நுழைந்ததும் காகிதத்தைப் பார்த்துவிட்டாள். வெளியே மழை வருகிற மாதிரி மூன்று நாளாக மூட்டம் போட்டு வராமலே புழுங்கிக்கொண்டிருந்தது. அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். உருளைக்காரி வீட்டில் வேறென்ன கிடைக்கும் என்று அப்பா வழக்கமாகச் சொல்கிற ஜோக்கைக்கூட அன்று சொல்லவில்லை.

எப்போது அனுப்பினாய் என்று அம்மா கேட்டாள். போன மாசம் என்றாள் மகள். அந்த மூன்று பேருக்கும் தெரியுமா என்றதற்குத் தெரியாது என்று தலையை ஆட்டினாள்.

"அப்புறம் யாரு இந்த நாங்க?"

சாண் சிவப்பு வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவளே இப்போதுதான் பார்க்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"எழுதுறப்ப தெரியலம்மா. முதல்ல நான் நான்னுதான் எழுதிப் பாத்தேன். யாரோ பெருமையடிச்சுக்கிற மாதிரி இருந்துச்சு. கிழிச்சுப் போட்டுட்டு வேற தாள்ல எழுதினேன். அப்ப சரியா வந்துச்சு."

"சரி, இப்ப மாத்தி எழுது. வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கே."

"வேணாம்மா. அது சும்மா போட்டுப் பாத்தது. வெள்ளிக்கிழமை கம்பெனிக்குப் போறோம். நாங்க முடிவு பண்ணிட்டோம்."

"நீ முடிவு பண்ணியா?"

"எல்லாருந்தான் பண்ணோம்."

"உனக்கு என்ன வேணும்னு கேக்குறேன்."

"எங்களுக்கு ஒண்ணா இருக்கணும்."

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். அசதியில் வருகிற கோபம் ஒன்று இருக்கிறது. அது சத்தமாக வராது, நீளமாக வரும். அவர்கள் கிணற்றில் குதித்தால் நீயும் குதிப்பாயா என்பதில் ஆரம்பித்து, நாளைக்கு அவளவளுக்குக் கல்யாணம் ஆகிப் போனால் நீ யார் பின்னால் போவாய் என்பது வரைக்கும் பேசிக்கொண்டே போனாள். எல்லா வீட்டிலும் எல்லா அம்மாக்களும் சொல்கிற அதே வார்த்தைகள்தான். அவளுக்கே கேட்கச் சலிப்பாக இருந்தது. ஆனால் நிறுத்தத் தெரியவில்லை. சாண் தலையைக் குனிந்துகொண்டு முழுதும் கேட்டாள். முடிந்த பிறகு நிமிர்ந்தாள்.

"நீ வருவியாம்மா? வெள்ளிக்கிழமை. சலவைக்கூடத்துல உங்க செட்ட விட்டுட்டு?"

அவள் திமிராகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அம்மா கத்தியை எடுத்து மறுபடி உரிக்க ஆரம்பித்தாள். அப்பா சட்டென்று கூரையைப் பார்க்க ஆரம்பித்தார். அன்றைக்கு உருளைக்கிழங்கு அடிப்பிடித்துவிட்டது. யாரும் அதைப் பற்றிப் பேசாமல் சாப்பிட்டார்கள்.

*

உருளை என்பது துவைத்த விரிப்புகளைத் தேய்க்கிற இயந்திரம். ஆள் நீளத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும், சூடான இரண்டு உருளைகள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சுற்றும். இந்தப் பக்கம் இரண்டு பேர் ஈர விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்துச் சுருக்கமில்லாமல் உள்ளே விட வேண்டும். அந்தப் பக்கம் இரண்டு பேர் வருவதை வாங்கி, இழுத்து, உதறி, மடிக்க வேண்டும். மூன்று பேரால் அதை ஓட்ட முடியாது. ஒருத்தி கொஞ்சம் அசந்தால் விரிப்பு கோணலாக உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். ஒருத்திக்குக் கழிப்பறை போக வேண்டுமென்றால் நிறுத்திவிட்டு நாலு பேரும் போவார்கள். பன்னிரண்டு வருஷத்தில் நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் தாகம் எடுக்கவும் ஒரே நேரத்தில் கொட்டாவி வரவும் பழகிவிட்டது.

வருகைப் பதிவேட்டில்கூட அவர்களுக்குத் தனித்தனிப் பெயர் கிடையாது. 'உருளை: 4' என்று ஒரு வரி. யாராவது ஒருத்தி நாலு பேருக்கும் சேர்த்து ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவாள்.

அவர்களில் மூத்தவள் பெரியக்கா. உருளைக்காரியின் ஜோடி அவள்தான். மடிக்கிற பக்கத்தில் எதிரெதிரே நிற்பவர்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் துணி ஸ்டோரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று உருளைக்காரியைக் கூப்பிட்டார்கள். நாற்காலி உண்டு, காற்றாடி உண்டு, நின்றுகொண்டே இருக்க வேண்டாம். எந்த வார்டுக்கு எத்தனை விரிப்பு, எது எந்த வாரம் கிழியும் என்பது வரை அவளுக்கு மனப்பாடம். அவள் வந்து செட்டிடம் சொன்னாள். போனா நாலு பேரும் போகணும், இல்லன்னா யாரும் போகக் கூடாது என்றாள் பெரியக்கா. மற்ற இருவரும் தலையாட்டினார்கள். உருளைக்காரியும் ஆட்டினாள். ஸ்டோருக்கு வேறெங்கிருந்தோ ஒருவன் வந்தான். தலையணை உறைக்கும் துணிப்பைக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு வருஷம் எல்லாரையும் பாடாய்ப் படுத்தினான். வேண்டாம் என்று சொன்னதில் அவளுக்கு வருத்தமா என்று யாரும் கேட்டதில்லை. வருத்தம்தான். மூட்டு வலிக்கிற ஒவ்வொரு சாயங்காலமும் வருத்தம்தான்.

வெள்ளிக்கிழமை திரைச்சீலை நாள். எல்லா வார்டுத் திரைகளும் ஒன்றாக வந்து குவியும். அன்றைக்கு யாரும் லீவு எடுக்கக் கூடாது என்பது செட்டின் எழுதாத சட்டம். ஒருத்தி வராவிட்டால் உருளையை நிறுத்திவிட்டு மீதி மூன்று பேரையும் அழுக்கறைக்கு அனுப்பிவிடுவார்கள். ரத்தமும் சீழும் படிந்த துணிகளைக் கையால் தரம் பிரிக்கிற அறை அது. அங்கே ஒரு நாள் நின்றால் இரண்டு நாளைக்குச் சாப்பாடு இறங்காது.

வியாழக்கிழமை காலை முழுக்க உருளைக்காரி கேட்க முயற்சி செய்தாள். முதல் தடவை வாயெடுத்தபோது, "நாளைக்கு நாம கொஞ்சம்" என்று தொடங்கி, தொடர முடியாமல் விட்டுவிட்டாள். என்ன நாம கொஞ்சம் என்றாள் பெரியக்கா. ஒன்றுமில்லை என்றாள். டீ இடைவேளையில் இரண்டாம் தடவை. அப்போது பெரியக்கா தன் மருமகளைப் பற்றிக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள், நடுவில் புக முடியவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி உருளை ஓட ஆரம்பித்து, முப்பது நாற்பது விரிப்பு போன பின், இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நின்றபோது, ஏன் அந்த நேரம் என்று அவளுக்கே தெரியாது, அது வெளியே வந்துவிட்டது.

"அக்கா, எனக்கு நாளைக்கு லீவு வேணும்."

பெரியக்கா இழுக்க வேண்டிய நேரத்தில் இழுக்கவில்லை. விரிப்பு தொய்ந்து தரையைத் தொட்டது.

"நாளைக்கு என்ன கிழமை தெரியுமா?"

"தெரியும்க்கா. பொண்ணு விஷயம். படிக்கிறதுக்குக் கையெழுத்துப் போடணும். அவருக்கு எழுந்திரிக்க முடியல."

"திங்கக்கிழமை போடு."

"நாளைக்கு நாலு மணிக்குள்ளக்கா."

"என் மவனுக்குப் பரீட்சை அன்னைக்கு நான் போனனா? இவ மாமியார் செத்தப்ப மூணு நாள்ல வந்து நின்னாளே. அப்பவும் வெள்ளிக்கிழமைதான்." பெரியக்கா குரலை உயர்த்தவில்லை. "போவணும்னா போ. நான் யாரு தடுக்க."

உருளைக்காரி காத்திருந்தாள். அடுத்ததாகப் பெரியக்கா ஏதாவது சொல்லித் தன்னை உள்ளே இழுத்துக்கொள்வாள் என்றுதான் நினைத்தாள். எப்போதும் அப்படித்தான் நடக்கும். திட்டுவாள், பிறகு சரி விடு, பாத்துக்கலாம் என்பாள். பெரியக்கா விரிப்பைக் கையில் சுற்றிக்கொண்டு மற்ற இருவர் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு நாங்க மூணு பேரும் அழுக்கறைக்குப் போறோம்டி. கையுறை எடுத்து வச்சுக்கங்க."

நாங்க. பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் கூடத்தில் அந்தச் சொல்லுக்கு வெளியே நின்று அவள் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நெஞ்சில் கைவைத்துத் தள்ளிவிட்டது போல இருந்தது. அழுகை வந்தது. நீராவிக் கூடத்தில் அழுவதில் ஒரு வசதி, எல்லார் முகமும் எப்போதும் நனைந்துதான் இருக்கும்.

லீவு சொல்லப் போனபோது சூப்பர்வைசர் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் திணறினார். உருளை வரியில் யாருக்கு என்று எழுதுவது? கடைசியில் நாளைய பக்கத்தில் நாலை அடித்துவிட்டு மூன்று என்று போட்டார். சாயங்காலம் வாசலில் மற்ற மூன்று பேரும் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. வீடு வரைக்கும் தனியாக நடந்தாள். அந்தத் தூரம் இவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது.

வீட்டில் மகளிடம் ஒன்றும் விளக்கவில்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நாளைக்கு லீவு சொல்லிட்டேன். எட்டே காலுக்கு பஸ். வர்றதும் வராததும் உன் இஷ்டம்" என்றாள். அவள் குரல் கேட்டுச் சாண் நிமிர்ந்து பார்த்தாள். அம்மா முகத்தைப் பார்த்த பிறகு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

*

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு வாசலில் ரேடியோவின் குரல் கேட்டது. மூன்று பேரும் நீலத்தில் நின்றார்கள். சாண் கதவைத் திறந்தாள். அவளும் நீலத்தில்தான் இருந்தாள். அவளிடம் இருந்த நல்ல உடை அது ஒன்றுதான். துப்பட்டாகூட அதே நீலம். பார்த்ததும் மூன்று முகமும் மலர்ந்தன. அந்த மலர்ச்சியை அவள் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

"கிளம்பு கிளம்பு. எட்டு மணிக்குள்ள போனா முன்னாடி நிக்கலாம்."

"நான் வரல."

ரேடியோவுக்குப் புரியவில்லை. உடம்பு சரியில்லையா என்றாள். இல்லை என்று சாண் சொன்னாள். வேறு ஒரு படிப்புக்குப் போட்டிருக்கிறேன், இன்றைக்குத்தான் கடைசி நாள், அங்கே போகிறேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். உள்ளே அடுப்படியில் அம்மா ரொட்டியில் முட்டையை வைத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றுவிட்டது. பாயில் அப்பா கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்திருந்தார்.

"மூணு பேர்னா மேசை தரமாட்டாங்கடி. பிரிச்சுப் போட்டுருவாங்க. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"இவளை நைட் ஷிஃப்ட்ல போட்டா அவங்கப்பா விடமாட்டாரு. இவளுக்கு வேலையே இல்லாமப் போயிரும்." ரேடியோ ஒல்லியைக் காட்டினாள். ஒல்லி எங்கேயோ பார்த்தாள்.

"தெரியும்டி."

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற யாரையாவது சேர்த்திருப்போம்ல? நேத்துகூட உக்காந்து நீலத்துக்கு எந்த வளையல்னு பேசினியே."

அந்தக் கேள்வி நியாயமானது. சாணுக்கும் அது தெரிந்தது.

"சொல்லியிருந்தா நீங்க பேசி என்னை மாத்தியிருப்பீங்க. நானும் மாறியிருப்பேன். அந்தப் பயத்துலதான் சொல்லல. தப்புதான்."

ரேடியோ என்று பெயர் வாங்கியவள் வாயடைத்து நின்றதைத் தெரு அன்றுதான் பார்த்தது. கண்ணாடி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"சரி," என்றாள் ரேடியோ. "நாங்க போறோம்."

சாண் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். அடுப்படியில் நின்றவளுக்கு அந்தச் சொல் எங்கே போய்க் குத்தும் என்று தெரியும், நேற்றுத்தான் வாங்கியிருந்தாள். ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. போகவில்லை. போனால் அவள் உடைந்துவிடுவாள் என்று தோன்றியது. தெருமுனை திரும்பும்போது ஒல்லி மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கையை ஆட்டினாளா, முகத்தில் ஒட்டிய முடியை ஒதுக்கினாளா, தெரியவில்லை.

"யாரும்மா வந்தது?" என்று அப்பா எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றும் கேட்காதவர் போல விசாரித்தார்.

"அவங்க," என்றாள் சாண்.

*

பேருந்து ஒன்றரை மணி நேரம் ஓட வேண்டும். சாண் ஜன்னலோரம் உட்கார்ந்து புது விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தை மடியில் விரித்து வைத்திருந்தாள். மற்றதெல்லாம் வீட்டிலேயே எழுதியாகிவிட்டது. அந்தப் பத்து வரி மட்டும் காலியாக இருந்தது. அவளுக்கு ஏதாவது சொல்லித்தர வேண்டும் என்று அம்மா நினைத்தாள். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனாள். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு வேலை நாளின் காலையில் அவள் உட்கார்ந்திருப்பது இதுதான் முதல் தடவை, உடம்பு அதைக் கண்டுகொண்டு உடனே பழி தீர்த்துக்கொண்டது. தலை ஆடி ஆடிக் கம்பியில் இடித்தது. சாண் துப்பட்டாவை எடுத்துச் சுருட்டி அம்மா தலைக்கும் கம்பிக்கும் நடுவில் வைத்தாள்.

இறங்குகிற இடத்தில் மகள் தொட்டு எழுப்பினபோது பக்கம் நிறைந்திருந்தது. பேருந்து ஆடின ஆட்டம் எழுத்தில் தெரிந்தது. அம்மா வாங்கிப் பார்த்தாள். அவள் வேகமாகப் படிக்கிறவள் இல்லை. மேலே இருந்த சில வரிகளைத்தான் படிக்க முடிந்தது.

'எனக்குப் பன்னிரண்டு வயதில் எங்கள் தெருவில் சாக்கடை வெட்டுவதற்காக அளக்க வந்தார்கள். மூன்று காலில் நிற்கும் கருவி ஒன்றை ஒரு அக்கா வைத்திருந்தார். அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும். என் தோழிகள் ஐஸ் வாங்கப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. நான் பார்த்தேன்.'

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. சாக்கடை வெட்டினது ஞாபகம் இருக்கிறது, வாசலில் மாசக்கணக்கில் கிடந்த மண் ஞாபகம் இருக்கிறது. ஆறு வருஷமாக இந்தப் பெண் இதை எங்கே வைத்திருந்தாள் என்று ஆச்சரியமாக இருந்தது. காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எழுத்து ஆடியிருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

அலுவலகத்தில் வரிசை நீளம். உட்கார இடமில்லை. நிற்பது உருளைக்காரிக்குப் புதிதில்லை. இரண்டு மணிக்கு மேல்தான் அவர்கள் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் நடுவயது அலுவலர் அம்மா ஒருத்தி. அவள் முன்னால் ஒரு சிவப்புப் பேனா. ஓ, நீதானா என்றுதான் உருளைக்காரி அந்தப் பேனாவைப் பார்த்து மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பெற்றோர் கையொப்பம், முழுப் பெயர், என்று அலுவலர் விரலை வைத்துக் காட்டினாள். உருளைக்காரி பேனாவை வாங்கினாள். நாலு பேருக்கு ஒரு கோடு இழுத்துப் பழகின கை அது. தன் அப்பா பெயரின் முதல் எழுத்தில் தொடங்கித் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, கட்டத்துக்கு வெளியே போகாமல் எழுதி முடித்தாள். எழுதி முடிக்கும் வரை அலுவலர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மரியாதை உருளைக்காரிக்குப் பிடித்திருந்தது.

பிறகு அலுவலர் கடைசிப் பக்கத்தைப் படித்தாள். சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை.

"இத யாரு எழுதுனது?"

"நான்," என்றாள் சாண்.

"அம்மா சொல்லிக் குடுத்தாங்களா? கூட இருந்து யாராவது?"

"இல்ல மேடம். நான் மட்டும்தான்."

உருளைக்காரிக்குச் சுருக்கென்றது. வெள்ளிக்கிழமை லீவு, பெரியக்காவின் முகம், தனியாக நடந்த அந்தத் தூரம், நாளைக்கு எந்த முகத்தோடு போய் விரிப்பின் அடுத்த முனையைப் பிடிப்பது என்ற பயம், எல்லாவற்றையும் கொடுத்து அவள் இந்த மேசை வரைக்கும் வந்திருக்கிறாள். மகள் இப்போதுதான் ஒரு நான் சொல்லியிருக்கிறாள், அதற்குள்ளும் அவளுக்கு இடமில்லை. அதைக் கேட்கத்தான் தான் வந்தோம் என்பது அடுத்த நிமிஷம்தான் அவளுக்கு உறைத்தது. வலியும் போகவில்லை. இரண்டும் சேர்ந்தே இருந்தன.

நீங்கள் வெளியே உட்காருங்கள், பெண்ணிடம் கொஞ்சம் பேச வேண்டும் என்றாள் அலுவலர். சாண் அம்மாவைத் திரும்பிப் பார்க்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வெளியே நடையில் இப்போது ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. உருளைக்காரி உட்கார்ந்தாள். மூட்டு இரண்டும் நன்றி சொல்லின. இந்த நேரத்துக்கு அவர்கள் மூன்று பேரும் அழுக்கறையில் மூக்கைக் கட்டிக்கொண்டு குனிந்திருப்பார்கள். அந்த மூன்று பெண்கள் கம்பெனி வாசலில் என்ன ஆனார்களோ. கதவுக்குப் பின்னாலிருந்து மகளின் குரல் வந்தது. என்ன பேசுகிறாள் என்று கேட்கவில்லை, நிறுத்தாமல் பேசுகிறாள் என்பது மட்டும் கேட்டது.

பேருந்தில் தலைக்கு வைத்த மகளின் நீலத் துப்பட்டா இன்னும் உருளைக்காரியின் தோளில் கசங்கிக் கிடந்தது. எடுத்து உதறினாள். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அடுத்த முனையை எதிரே நீட்டினாள். பன்னிரண்டு வருஷப் பழக்கம், கை தானாக நீண்டுவிட்டது. எதிரே சுவர்தான் இருந்தது. யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு நடுவைத் தாடைக்கடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு முனையையும் தானே சேர்த்து மடித்தாள். ஓரம் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.